இறுக்கினேன் என்று கை சொல்லும்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அர்ஷாதுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை கேட்க மாட்டேன், அவ்வளவு கோபம். நான் அழுது அழுது அனுப்பிய குரல் பதிவை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாயாம், உன் அறைக்கூட்டாளி றஊபின் மனைவி இங்கே வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் கத்தாருக்கு வருகிற ஆளிடம் மாசிச் சம்பலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன், இதை வேகமாக ஓடவிட முடியாது. இப்போதுதான் தறியில் இருந்து எழும்பினேன், பேனை பிடிக்கக் கை வரவில்லை, நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி றிப்னா எழுதுகிறாள். (காக்கா, உம்மா ஏசியதில் பாதியைத்தான் எழுதுகிறேன். முழுவதும் எழுதினால் பார்சல் நிறை கூடிவிடும்.)

பகல் வேலை முடித்து அப்படியே இரவு வேலைக்கும் ஏறுகிறாயாம். பத்தாம் மாடிக்கு வெளியே சாரம் கட்டி, குழாய்களைப் பிணைக்கிற நட்டுகளை இறுக்குகிறாயாம். களைப்பில்லையா என்று கேட்டதற்கு, இறுகினது என்ட கைக்குத் தெரியும் உம்மா என்றாயே, அந்தச் சொல்லுக்குத்தான் இந்தக் கோபம். (அங்கே காக்கா கட்டுவதும் சாரம், இங்கே உம்மா நெய்வதும் இடுப்பில் உடுக்கிற சாரம். உம்மாவின் சாரத்தில் இருந்து இதுவரை யாரும் விழவில்லை.)

கைக்கு ஒன்றும் தெரியாது மகன். போன மாதம் பெருநாள் ஓடருக்காக சுபஹுத் தொழுகையில் இருந்து பின்னேர அஸர் தொழுகை வரை தறி அடித்தேன். அன்றைக்கே முதலாளி சாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், காலையில் நெய்த பக்கம் நெருக்கமாம், பின்னேரம் நெய்த பக்கம் சல்லடையாம். இழையை நெருக்க நாள் முழுக்க ஒரே மாதிரித்தான் அடித்தேன் என்று நான் சத்தியம் செய்தேன், பின்னேரம் இன்னும் பலமாக அடித்ததாகத்தான் என் தோள் சொன்னது. அதே கோபத்தோடு ஜவுபரின் கடைக்குப் போய் அஞ்சு கிலோ அரிசிப் பை இரண்டு வாங்கிக் கைக்கு ஒன்றாகத் தூக்கினால், இடக்கைப் பை நிறை குறைவு. சனத்துக்கு முன்னால் களவு நிறுவை என்று கத்திவிட்டேன். அந்த மனிசன் இரண்டையும் தராசில் வைத்தார், ஒரு கிராம் வித்தியாசம் இல்லை. தராசு தறி அடிக்கிறதில்ல ராத்தா என்றார், கடையே சிரித்தது. நான் வலக்கையால் அடிக்கிறவள், களைத்துப்போன அந்தக் கைக்குத்தான் அரிசி பாரமாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் விளங்கியது, களைத்த கை கொஞ்சம் கொடுத்துவிட்டு நிறையக் கொடுத்தேன் என்று சொல்லும். (அதற்குப் பிறகு உம்மா அந்தத் தெருவால் போவதில்லை. சீனி முடிந்தால் ஜவுபரிடம் அசடு வழியப் போவது நான்தான்.)

என் சாரம் நெகிழ்ந்தால் திரும்பி வரும், அவிழ்த்துவிட்டு நெய்வேன். உன் நட்டு நெகிழ்ந்தால் என்ன செய்வாய், அதற்குக் கீழே நிற்கிறவனும் ஒருத்தியின் மகன்தானே. இரவு வேலைக்கு இல்லை என்று நாளைக்கே சொல்லு. பகலிலும் கை சொன்னதை நம்பாதே, இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பெனர் இருக்கிறதாம், அதைக் கேள், தராவிட்டால் களைக்காத ஒருவனைக் கொண்டு மறுபடி இறுக்கிப் பார். தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டும் உம்மா என்று மறுபடியும் தொடங்காதே. (காக்கா, இது பகிடி இல்லை. எனக்குப் பதினாறு வயது, வீடு மெதுவாக வரட்டும். நீங்கள் முழுசாக வந்தால் போதும்.)

அல்லாஹ் உன் கையையும் காலையும் கீழே நிற்கிறவர்களையும் காப்பானாக. சம்பலில் றஊபுக்கும் கொடு. கீழே கையெழுத்தை நானே வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
சு

(பேனை முறிகிற அளவுக்கு அழுத்தினேன் என்று உம்மா சொல்லுறா. சுல்பிகா என்றுதான் எழுதினா காக்கா, கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரெழுத்தில்தான் மை பட்டிருக்கிறது.)