ஏகாதசி அன்னைக்கு முழுங்காத மாத்திரை

அன்புள்ள அத்தைக்கு, மஸ்கட்லேர்ந்து சித்தார்த்தன் வணக்கம். கை வீக்கம் குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்.

நர்ஸ் விஜயராணி போன் பண்ணினாங்க. ஏகாதசி விரதம்னு, கீமோவுக்கு முந்தின ராத்திரி போடவேண்டிய அலர்ஜி தடுப்பு மாத்திரையைப் போடலைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம். "உங்க மாமியாருக்குப் பொய் சொல்லத் தெரியலை, கீமோவை வியாழக்கிழமைக்கு மாத்திட்டேன்"னு சிரிச்சாங்க. ரொம்ப நன்றி அத்தை. உங்க பொண்ணு சுபஸ்ரீ அவளோட கீமோ அன்னைக்கு விரதத்தை மறைச்சு, மாத்திரை போட்டுட்டேன்னு சொல்லிட்டா. மருந்து ஏறின அஞ்சே நிமிஷத்துல மூச்சு முட்டிடுச்சு. விஜயராணி பக்கத்துலயே நின்னதாலதான் இன்னும் ஏழு மாசம் நம்மகூட இருந்தா. இங்க ஆஸ்பத்திரியில நான் ரிப்பேர் பண்ற டிரிப் மெஷின் குழாய்ல காத்து வந்தா கத்தும், மாத்திரை போடலைன்னா கத்தாது.

புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போடுங்க, ரங்கநாதர் கோவிச்சுக்க மாட்டார். போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. சுபஸ்ரீ போனப்புறம் வீட்டுலேர்ந்து என்னை யாரும் கூப்பிடறதில்லை.

டூட்டிக்கு வண்டி வந்துடுச்சு.

உங்க மாப்பிள்ளை,
சித்தார்த்தன்