எட்டாம் வகுப்பில் ஒரு தூளி

வேலந்தாங்கல்,
மானாம்பதி வழி,
11.8.1963

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

பாக்கியமேரி எழுதிக்கொண்டது. அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நைனா நடவு வேலைக்கு மாகறல் வரைக்கும் போய் வருகிறார். வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. வாலாஜாபாத் என்ன சீமையிலா இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கூலிக்குப் போகிற தாய்மாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் என்ன செய்யலாம் என்று உங்களைப் போன்ற கிராம சேவிகைகளிடம் ஒரு கமிட்டி யோசனை கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் என்ன குறை என்றும் கேட்டீர்கள். பெரிய குறை எங்கள் வகுப்பிலேயே இருக்கிறது. என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது.

அது செங்கேணியின் இடம். ஊர்க் கோடியில் இருளர் குடிசைகளிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்தவள் அவள் ஒருத்திதான். கணக்கில் என்னை முந்திவிடுவாள். நடவு தொடங்கியதும் நின்றுவிட்டாள். அவள் அம்மா பச்சையம்மாள் நடவுக்குப் போக, கைக்குழந்தை வேதகிரியை இவள் பார்த்துக்கொள்கிறாள். நடவு முடிந்தால் களையெடுப்பு, பிறகு அறுப்பு. இப்படியே போனால் பரீட்சை வந்துவிடும்.

நேற்று வயலுக்கே போய்ப் பார்த்தேன். புங்கமரக் கிளையில் தூளி கட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “சாரு இன்னா கணக்கு போட்டாரு?” என்றுதான் முதலில் கேட்டாள். நான் பச்சையம்மாளிடம், “இவளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்களேன்” என்றேன். அவர் சேற்றிலிருந்து நிமிராமலே, “அனுப்பறேன். புள்ளைய யாரு பாத்துக்குவா? உங்க சாரு வந்து தூளி ஆட்டுவாரா?” என்றார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தேன். சார் ஆட்ட வேண்டாம். செங்கேணியே வகுப்பில் உட்கார்ந்து ஆட்டினால் என்ன? இதை யோசனையாக எழுதலாமா?

தங்கள் மகள் போன்ற,
பாக்கியமேரி


வாலாஜாபாத்,
19.8.1963

செல்லப் பாக்கியத்துக்கு,

சின்னம்மா ராணியின் முத்தங்கள். நான் வராததற்குக் காரணம் சீமை இல்லை, லீவு. உங்க அம்மாவிடம் சொல், அவள் தங்கை இப்போது ஒன்பது ஊருக்கு சைக்கிள் மிதிக்கிறாள்.

உன் கடிதத்தை ஆபீசில் மார்த்தாளுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் டைப்பிஸ்ட். “இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதாண்டி உருப்படி” என்றாள். மற்ற யோசனைகளையும் கேள். பிள்ளையை அனுப்பாத தாய்க்கு அபராதம் போடலாம் என்று ஒருவர். ஒரு நாள்கூடத் தவறாமல் வரும் பெண்ணுக்குப் பாவாடை சட்டை தரலாம் என்று இன்னொருவர். நடவுக் காலத்தில் எந்தப் பெண் தவறாமல் வருவாள்? தேவைப்படுகிறவளுக்குக் கிடைக்காது, தேவைப்படாதவளுக்குக் கிடைக்கும்.

உன்னுடையதை நான் திருத்தமாக எழுதி, மார்த்தாள் டைப் அடித்துக் கொடுத்தாள். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. தூளி கட்டப் பள்ளியில் இடம், மதிய உணவுக் கஞ்சியில் குழந்தைக்கும் ஒரு பங்கு, நடுப்பகலில் தாய் வந்து பால் கொடுக்க அனுமதி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன். கமிட்டிக்கு இன்னும் அனுப்பவில்லை. பச்சையம்மாளுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டு எழுது. நம் வசதிக்குத் திட்டம் போட்டு அவர்கள் தலையில் கட்டக்கூடாது.

படிக்கிறேன் என்று விளக்கை அருகில் வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ராணி சின்னம்மா


வேலந்தாங்கல்,
30.8.1963

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

ஒரு காரியம் நடந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படியுங்கள்.

டைப் அடித்த காகிதத்தைப் பச்சையம்மாளிடம் காட்டப் பள்ளியிலிருந்து நேரே போகலாம் என்று புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இடைவேளையில் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் பாண்டுரங்கன் சார் வந்துவிட்டார். “இன்னா அது?” என்று வாங்கினார். எங்கள் பள்ளிக்கு டைப் அடித்து வருகிற காகிதம் எல்லாம் மேலிடத்து உத்தரவுதான். வேறு மாதிரிக் காகிதத்தை அவர் பார்த்ததே இல்லை. மேலே உங்கள் ஆபீஸ் பெயர் வேறு இருந்தது.

“ஆர்டர் எப்ப வந்தது? உன் சின்னம்மா கையிலயா குடுத்தனுப்புனாங்க? தேதி போயி பத்து நாள் ஆயிடிச்சே” என்று பதறிப்போனார். உடனே சமையற்காரர் ஜெயம்மாளைக் கூப்பிட்டுக் கயிறு கொண்டுவரச் சொன்னார். தானே மேசைமேல் ஏறி விட்டத்தை இழுத்துப் பார்த்தார். “தாங்கும்” என்றார்.

அன்று மாலையே செங்கேணி வீட்டுக்கு ஆள் போய்விட்டது. மறுநாள் காலை அவள் வேதகிரியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவின் பழைய சேலையுடன் வந்து நின்றாள்.

‘சார், இது வெறும் யோசனை, உத்தரவு இல்லை’ என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் செங்கேணி தூளியைக் கட்டி, கயிற்றின் நுனியைத் தன் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கணக்கு நோட்டைத் திறந்துவிட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு இதனால் கெடுதல் வருமா? ராத்திரி ஜெபத்தில் நம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கியமேரி


வாலாஜாபாத்,
5.9.1963

பாக்கியம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மார்த்தாள் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேவிகையாகச் சேர்ந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. நானே உத்தரவு போட்டதாக யாராவது சொன்னால் வேலை போய்விடும்.

வேலையைவிட இன்னொன்று. உங்கள் சார் என்னை நம்பித் தூளி கட்டவிட்டிருக்கிறார். பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். அவருக்கு உண்மையைச் சொல்லாமல் விடமுடியாது. இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதை நீயே அவர் கையில் கொடு. செங்கேணி திரும்ப வயலுக்குப் போக நேரலாம் என்று எனக்குத் தெரிகிறது. அதை நினைத்துத்தான் இரண்டு நாள் இந்தக் கடிதத்தைப் போடாமல் வைத்திருந்தேன்.

கமிட்டிக்கு யோசனையை அனுப்பிவிட்டேன். உங்கள் பள்ளியில் நடந்ததையும் ஒளிக்காமல் சேர்த்து எழுதிவிட்டேன்.

ராணி சின்னம்மா


வேலந்தாங்கல்,
12.9.1963

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

கடிதத்தைக் கொடுத்தேன். சார் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “அந்தக் காகிதத்துல கையெழுத்தே இல்லன்னு அன்னிக்கு ராத்திரியே பாத்துட்டேன்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்புறம் ஏன் சார் அவுக்கல?” என்றேன்.

“காலையில வந்து பாக்கறேன், புள்ள தூளி கட்டிக்கினு கீது. எந்த வாயால போன்னு சொல்றது? இன்ஸ்பெக்டர் வந்தா நான் பேசிக்கறேன். உன் சின்னம்மாவ நிம்மதியா இருக்கச் சொல்லு.”

வேதகிரி இப்போது வாய்ப்பாடு சொன்னால் தூங்குகிறான், நிறுத்தினால் அழுகிறான். அதனால் வகுப்பு முழுவதும் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மனப்பாடம். நடுப்பகலில் பச்சையம்மாள் வேலிக்கு வெளியிலேயே நிற்பார். நேற்று சார் தானே போய், “உள்ள வாம்மா, வெய்யில்ல இன்னாத்துக்கு நிக்கற” என்று அழைத்துவந்தார்.

பாக்கியமேரி


வாலாஜாபாத்,
3.10.1963

செல்லப் பாக்கியத்துக்கு,

உங்கள் சாருக்கு என் வணக்கத்தைச் சொல். இன்னொன்றும் உடனே சொல். வருகிற புதன்கிழமை இன்ஸ்பெக்டர் உங்கள் பள்ளிக்கு வருகிறார். கூடவே கமிட்டியிலிருந்து ஆண்டாளம்மாள் என்பவரும் வருகிறார். தூளியை எடுத்துவிடுவதா, விட்டுவைப்பதா என்று பார்த்து முடிவு செய்யப்போகிறார்களாம். ஜீப்பில் எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்று விடாமல் எழுது.

ராணி சின்னம்மா


வேலந்தாங்கல்,
10.10.1963

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நேற்று வந்தார்கள். ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் உயரமானவர். பூட்ஸ் சத்தத்தோடு வந்து, வகுப்பின் நடுவில் நின்று, “யார் குழந்தை இது? யார் கட்டச் சொன்னது?” என்று ஓடு அதிரக் கேட்டார். பாண்டுரங்கன் சார் வாயைத் திறப்பதற்குள் செங்கேணி எழுந்து உதட்டில் விரலை வைத்து, “மெதுவா பேசுங்க சார். இப்பத்தான் கண்ணு அசந்துகீது” என்றாள்.

இன்ஸ்பெக்டர் தூளியைப் பார்த்தார், செங்கேணியைப் பார்த்தார். பிறகு ரகசியம் சொல்கிற மாதிரி, “யார் கட்டச் சொன்னது?” என்றார். சாரும் ரகசியமாக, “நான்தான் சார்” என்றார். அதற்குப் பிறகு சோதனை முழுவதும் கிசுகிசுப்பாகவே நடந்தது. செங்கேணிக்கு ஒரு கணக்கைக் காதோடு கொடுத்தார். அவள் காலால் கயிற்றை இழுத்துக்கொண்டே போட்டு, விடையைக் கிசுகிசுத்தாள். சரியாக இருந்தது. ஆண்டாளம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். சிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

அங்கே நடுப்பகல் பாலுக்கு வந்திருந்த பச்சையம்மாளைப் பார்த்து, “இது உங்களுக்குத் தோதுப்படுதா?” என்று கேட்டார். பச்சையம்மாள் ஜன்னல் வழியாக என்னைக் கையால் காட்டி, “நான் சும்மா கேலிக்குச் சொன்னேம்மா. இதுங்க நெசமாவே கட்டிட்டுதுங்க” என்றார். பிறகு, “கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும். பொண்ணு பரீச்சைக்குப் போவட்டும்” என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

போகும்போது இன்ஸ்பெக்டர் பார்வைப் புத்தகத்தில் எழுதியதைச் சார் காட்டினார். ‘வகுப்பு மிக அமைதியாக இருந்தது. பரீட்சை வரை தூளி இருக்கலாம்.’ மற்ற பள்ளிகளைப் பற்றிக் கமிட்டி கூடித்தான் முடிவு செய்யுமாம். ஆண்டாளம்மாள் உங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டுவதற்கு இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கூட்டத்துக்கு முன்னால் உங்கள் யோசனையில் ஓரிடத்தைத் திருத்த வேண்டும். செய்தி ஊரெல்லாம் பரவி, இன்று காலை ஐந்தாம் வகுப்பில் நின்றுபோன அம்முலு வந்து நிற்கிறாள். இடுப்பில் இந்தப் பக்கம் ஒரு தம்பி, அந்தப் பக்கம் ஒரு தம்பி. இரட்டைப் பிள்ளைகளுக்குத் தூளி ஒன்றா இரண்டா என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. சார் விட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சீக்கிரம் எழுதுங்கள்.

பாக்கியமேரி