நாலு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் உன் தங்கையும் சுகம், நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் இருமல் விட்டதா? அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாடி ஏறும்போது படிக்கு ஒரு ஆளாகத் திட்டிக்கொண்டே ஏறுகிறார், தான் வேலை பார்த்த பழைய பஸ் டிப்போவில் இனி திட்டு வாங்காத ஆள் பாக்கி இல்லை. நான் வேலைக்குப் போய் நாலு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுத்துவிட்டது. போனில் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் முதியோர் இல்லத்து டைரக்டரைப் பற்றி உனக்குத் தெரியும், நாங்கள் மாப்பிள்ளை என்று பட்டப்பெயர் வைத்திருப்பவர், ஜன்னல் கண்ணாடியில்கூட நின்று தலைமுடியைச் சரி செய்துகொள்வார். சொந்தக்காரர்கள் வந்தால் கட்டில் பக்கத்தில் மண்டி போட்டுக் கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார், அவர்கள் லிஃப்டில் இறங்கியதும் அந்தக் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். போன வருடம் அவர் ஒரு உத்தரவு போட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் யாருக்கும் தண்ணீர் கிடையாது, மாத்திரைக்கு ஒரு மடக்கு மட்டும். படுக்கை நனையாது, துவைக்கிற விரிப்பு குறையும், சுத்தத்துக்கான சான்றிதழ் கிடைக்கும், வரவேற்பறையில் தன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, உங்கள மாதிரி பொறுப்பானவங்க இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினோரு மாதம், நாலு அடித்தால் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டில் கட்டிலாக டம்ளரை எடுத்தேன். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, அக்கா இது தப்பில்லையா என்று கேட்டாள், மேலிடத்து உத்தரவு, நமக்கெதுக்கும்மா வம்பு என்று அவள் வாயையும் நானே அடைத்தேன்.

ஏழாம் கட்டிலில் ஒரு தையல்காரர். தினமும் சாயங்காலம், ஒரு வாய் தண்ணி கிடைக்குமாம்மா என்று கேட்பார், அதட்ட மாட்டார், கெஞ்சவும் மாட்டார். போன வாரம் அவருக்கு நினைவு தப்பி, சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய மகள் வந்து, உடம்புல தண்ணியே இல்லன்னு டாக்டர் சொல்றாரு, அப்பா தண்ணி கேட்டாரா என்று என்னிடம்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற எங்கள் டைரக்டர் மாப்பிள்ளை என் தோளில் கை வைத்து, அவருதான் தண்ணியே வேணாம்னு பிடிவாதம் பிடிப்பாரு, வேணும்னா இவங்கள கேளுங்க என்றார். நான் தலையாட்டினேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை.

நீ போனில் சைக்கோபதி, நார்சிசிசம் என்று இரண்டு வியாதிப் பேர் சொன்னாய். அந்த மாதிரி ஆட்களுக்கு அடுத்தவர் வலி உறைக்காது, தன்னைத் தவிர யாரும் கண்ணில் படமாட்டார்கள் என்றாய். இருக்கட்டும். ஆனால் எனக்கு உறைத்ததே. உறைக்காவிட்டால் டம்ளரை எடுக்கும்போது ஏன் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்காமல் எடுக்கப் பழகினேன்? மாப்பிள்ளை தன் கையால் ஒரு டம்ளரைக்கூடத் தொட்டதில்லை. என்னைப் போல நாலு பேர் இல்லாவிட்டால் அவர் சும்மா கண்ணாடி பார்க்கிற ஆள், அவ்வளவுதான். அவருக்குப் பேர் வைத்திருக்கிறார்கள், எனக்கு என்ன பேர் என்று நீ சொல்லவில்லை.

கடைசியில், நாளைக்கே அந்தப் பொண்ணுகிட்ட போய் உண்மையச் சொல்லிடுங்கம்மா என்று அதட்டினாய். சரிப்பா என்றேன். போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. மாப்பிள்ளையிடம் சொல்கிற அதே சரி, அதே குரல். நீ நல்லதைத்தான் சொன்னாய், இருந்தாலும் யாரோ சொன்னார்கள் என்று இதையும் செய்தால் நான் எங்கேதான் இருக்கிறேன்? அதனால் மூன்று நாள் அவளைப் பார்க்கப் போகவில்லை. பயமும் இருந்தது, பூசி மெழுகவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண் தன் அப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். தினமும் கேட்டார், நான்தான் கொடுக்கவில்லை, அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். உத்தரவைப் பற்றியும் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த காகிதத்தையும் கொடுத்தேன், புகாரோடு சேர்த்துக்கொள்ளட்டும். வேலை போய்விடும், போகட்டும். திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. நீங்களா என்று மட்டும் கேட்டாள். சட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்தம்மா நல்லவங்க, அவங்களுக்கு மேலேருந்து என்ன நெருக்கடியோன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு, எதுக்குன்னு இப்பதான் புரியுது என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் பிழைப்பாரா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும். அங்கே யாராவது உன்னைப் பொறுப்பான ஆள் என்று ரொம்பப் புகழ்ந்தால் எதற்கு என்று ஒரு தரம் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். சொன்னதத்தானேம்மா செஞ்சீங்க என்று மட்டும் ஆறுதல் சொல்லிவிடாதே, அதை அப்பா சொல்லிவிட்டார், மூன்று நாளாக நானும் அவரும் பேசவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா