கொக்கியை இழுத்துப் பார்

ஆண்டிமடம்,
7-10-1946

மரிய செல்வத்துக்கு,

இத்தனை காலம் பேசாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

நேற்று விண்ணரசி வந்திருந்தாள். கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்களுக்காகப் பங்குச் சாமியார் வாசிக்கும் பெயர்களில் இந்த வருஷமும் அவள் புருஷன் சின்னப்பராஜ் பெயர் கிடையாதாம். பட்டாளத்தில் தற்கொலை செய்துகொண்டவன் என்று ஊரில் பேச்சு; அப்படிச் செத்தவனுக்குப் பூசையில் இடமில்லை. "அவுரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க வாத்தியாரே, கூட இருந்த உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

பட்டாளத்தில் நாம் பாராசூட்டில் குதித்துப் பழகிய அந்தப் பழைய விமானத்தில் தரையில் வெட்டிய ஓட்டை வழியாகத்தான் குதிக்க வேண்டும். பாராசூட்டைத் திறக்கும் நாடாவைத் தலைக்கு மேலுள்ள கம்பியில் கொக்கியால் மாட்டி, கொக்கி திறந்துகொள்ளாமல் ஓர் ஊசி செருகி, இழுத்துப் பார்த்த பிறகே தோளைத் தட்டி அனுப்ப வேண்டும். அது உன் வேலை. வெள்ளைக்காரன் சொன்ன அந்த முறையை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தது நான். "என் முதுகு எனக்கெங்க தெரியுது வாத்தியாரே, மரிய செல்வம் அண்ணன் பாத்துக்குவாரு" என்று சின்னப்பராஜ் சிரிப்பான்.

அன்று குதிக்கச் சொல்லும் பச்சை விளக்கு எரிந்ததும் நீ அவன் கொக்கியைத் தொடவே இல்லை. தோளைத் தட்டினாய். ஊசியில்லாத கொக்கி கம்பியைவிட்டு நழுவியதை நான் பார்த்தேன். அவன் பாராசூட் திறக்கவில்லை. விசாரணையில், "வீட்டுக் கவலையில் அவனே கழற்றிவிட்டான்" என்றாய். உன்னை நம்பினார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது நீ அரியலூர் - பெரம்பலூர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராம். ஒருவர் டிக்கெட்டையும் வாங்கிப் பார்க்காமல் விடமாட்டாயாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ சொன்னார்கள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

சாமியாரிடம் உண்மையைச் சொல். இல்லையென்றால் நான் எழுதுவேன்.

இருதயநாதன்

---

அரியலூர்,
15-10-1946

அன்பான வாத்தியாரண்ணனுக்கு,

தம்பி மரிய செல்வம் தோத்திரம் சொல்லி எழுதுவது. சேசு மரி சூசை துணையால் இங்கு எல்லோரும் சுகம். உங்கள் கால்வலி தேவலையா?

என் மகள் லீலா மேரிக்கு வரன் அமைந்திருக்கிறது. தை பிறந்ததும் கல்யாணம். நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. இந்த நேரத்தில் ஏன் அண்ணே பழசைக் கிளறுகிறீர்கள்? செத்தவன் திரும்பியா வரப்போகிறான்?

எழுதுவதானால் எழுதுங்கள். உங்கள் பெயரைப் பார்த்ததுமே சாமியார் மடித்து வைத்துவிடுவார். எனக்கு ஹவில்தார் பதவி வந்ததும் நீங்கள் என்மேல் மனுப் போட்டது ஊரில் தெரியாதவர் யார்? அன்று விசாரணையில் மேஜரே, "போன மாசம் மனு, இந்த மாசம் சாட்சியா?" என்று கேட்டாரே.

கல்யாணத்துக்கு அவசியம் வரவேண்டும்.

உங்கள் தம்பி,
மரிய செல்வம்

---

ஆண்டிமடம்,
24-10-1946

மரிய செல்வம்,

மறுத்து ஒரு வார்த்தைகூட எழுதாமல் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாய். ஆனால் என் பெயரைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள் என்பது சரிதான். அந்த மனுவுக்காக நான் வருந்தவில்லை. அந்தப் பதவி எனக்கு வரவேண்டியது. சாகும்வரை அப்படித்தான் சொல்வேன்.

சாமியாருக்கு எழுதிவிட்டேன். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக் குதிக்க வேண்டும் என்பது முறை. சின்னப்பராஜ் அப்படியேதான் போனான், கை கொக்கிப் பக்கம் எழவே இல்லை, யாரும் அதை இழுத்துப் பார்க்கவும் இல்லை. கழுத்தில் கயிற்றில் தொங்கும் மாதா படத் துணியை, அந்த உத்தரியத்தை, வாயில் கவ்வியிருந்தான். இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். குதிக்கும்போது உத்தரியத்தைக் கவ்வுவான் என்பது அவன் சொல்லிக் கேட்ட விண்ணரசிக்கும் விமானத்தில் இருந்தவர்களுக்கும் மட்டுமே தெரியும். சாமியார் அவளைக் கேட்டால், எழுதியவன் கண்ணால் கண்டவன் என்று புரிந்துகொள்வார். கேட்பாரா என்பதுதான் தெரியவில்லை.

முதலில் எழுதியதில் வரிக்கு வரி உன் பெயர் இருந்தது. உன் பெயர் இருந்தால் எழுதியவன் நான்தான் என்று தெரிந்துவிடும். பிறகு ஊர் நம் சண்டையைப் பேசும், அவனை மறந்துவிடும். அதனால் அடித்தேன். உனக்காக அல்ல.

லீலா மேரிக்கு நல்லபடியாக நடக்கட்டும், அவள் என்ன செய்தாள். நான் வரமாட்டேன். இனி எனக்கு எழுதாதே.

மொட்டைக் கடிதம் எழுதிய பையனை வகுப்பில் முட்டிபோட வைத்தவன் நான். சாமியாருக்கு எழுதியது மேஜைமேல் கிடக்கிறது. இரண்டு தடவை பேனாவைத் திறந்து மூடிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடப்போகிறேன்.