காலி வயிற்றோடு எடுத்த படம்

பாஷ்கானி,
14 நவம்பர் 2010, ஞாயிறு

அன்புள்ள ப்ரோஃபிராவுக்கு நெக்குலாய் எழுதுவது. நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன்.

ஊர்ச் சாமான்களை ஏற்றிக்கொண்டு டோருவின் வண்டி செவ்வாய்க்கிழமை நீ இருக்கும் இத்தாலிக்குக் கிளம்புகிறது. கூடவே இரண்டு போத்தல் கத்தரிக்காய்த் தொக்கு அனுப்புகிறேன். நானே கிண்டியது, உப்பு கொஞ்சம் தூக்கல். "அண்ணி அங்க யாருக்கோ சமைக்கிறாங்க, நீங்க இங்க அண்ணிக்குச் சமைக்கிறீங்க. குடும்பம் நல்லாத்தான் நடக்குது" என்று டோரு நக்கலடித்தான்.

போனில் சொல்லாததை எழுதுகிறேன். போனில் உன் பின்னாலிருந்து அந்த அம்மா கூப்பிடும் குரல் கேட்டதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். கோடையில் முதுகுவலி என்றேனே, அது முதுகு இல்லை. இடது சிறுநீரகத்தின் குழாய் குறுகி, நீர் தேங்கி வீங்கியிருக்கிறது. அது இன்னும் வேலை செய்கிறதென்றால் குழாயைச் சரிசெய்யலாம், செத்திருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். அதைப் பார்க்க யாஷி நகர ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுக்கிறார்கள். கையில் கொஞ்சம் கதிர்மருந்து ஏற்றி, கேமராவின் மேல் படுக்கவைத்து, எந்தச் சிறுநீரகம் எவ்வளவு மருந்தை இழுத்து வெளியே தள்ளுகிறது என்று அரைமணி நேரம் பார்ப்பார்கள்.

தேதி போட்டுக் கொடுத்த தாளை மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். அங்கே வைத்தால் அருள் கிடைக்கும், படிக்கத்தான் முடியாது. போன மாதம் 26, புனித திமித்ரு நாளன்று மதியம் பரிசோதனை. நல்லபடியாக முடியட்டும் என்று அன்று காலை நற்கருணை வாங்கினேன். நற்கருணைக்கான உபவாசம் என்று வழக்கம்போல் முந்தின நாள் மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கோவிலிலிருந்து நேரே ரயில். பரிசோதனைக்கும் வெறும் வயிறுதானே வேண்டும் என்று வழியிலும் எதையும் குடிக்கவில்லை.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுருக்கினார். இடது மட்டுமல்ல, நல்லது என்று நம்பியிருந்த வலதும் மந்தமாக இருக்கிறதாம். ப்ரோஃபிரா, உன்னை இனி பார்ப்பேனா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு டாக்டரம்மா, "காலையில எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார். ஒரு சொட்டுகூட இல்லை, நற்கருணை வாங்கிவிட்டு வருகிறேன் என்றேன். "ஒரு லிட்டர் குடிச்சிட்டு வரணும்னு தாள்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார். தாள் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காய்ந்துபோன சிறுநீரகம் ஒழுங்காகக் கணக்குக் காட்டாதாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

பாதிரியாரிடம் சொன்னேன். "நோயாளி தண்ணி குடிக்கலாம்ப்பா. ஒரு வார்த்தை கேட்டியா? ஆண்டவர் உன் பாவத்தைத்தான் கேட்டாரு, கிட்னியை இல்ல" என்றார்.

நீ இருந்திருந்தால் தாளை உருவி எடுத்துப் படித்து, திட்டிக்கொண்டே செம்பு நிறையத் தண்ணீரை என் முன்னால் வைத்திருப்பாய். அந்த அம்மாவுக்கு மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எண்பத்தெட்டு வயதுக் கிழவிமேல் எனக்குப் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று கிளம்பும்போது, ஊசி போட்ட நர்ஸ் கமேலியா, "உடம்புல கதிர் இருக்கும், ராத்திரி வரைக்கும் சின்னப் பிள்ளைங்க, மாசமா இருக்கறவங்க பக்கத்துல போகாதீங்க. வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். "அப்ப பிரச்சினையே இல்ல" என்றாள். ரயிலில் கைக்குழந்தையோடு ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனேன். அவளுக்கு முகம் வாடிப்போயிற்று. விலகி உட்கார வேண்டிய ஒரு ஆளாவது நம் வீட்டில் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

போன செவ்வாய் மறுபடி போனேன். ஒன்றரை லிட்டர் குடித்துவிட்டு ரயிலில் பட்ட பாட்டை எழுத முடியாது. வலது நன்றாக இருக்கிறது. நூற்றுக்கு முப்பத்தொரு பங்கு வேலையை இடது செய்கிறதாம். "சோம்பேறிதான், ஆனா சாகலை. வச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. டிசம்பர் எட்டாம் தேதி அறுவை சிகிச்சை.

சேர்க்கைப் படிவத்தில், கூட இருந்து பார்த்துக்கொள்பவர் யார் என்று ஒரு கட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வேலையை விட்டுவிட்டு வராதே, நான் சமாளித்துக்கொள்வேன் என்று எட்டு வருடமாக உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். கட்டத்தில் உன் பெயரை எழுதினேன். முகவரி கேட்ட இடத்தில் நம் வீட்டு முகவரியை எழுதினேன்.

ஆண்டவர் அந்த அம்மாவுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். உனக்குப் பதிலாக நல்ல ஆள் ஒருத்தியையும் சீக்கிரம் தரட்டும்.

உன்
நெக்குலாய்