டாங்கிளின் கடைசி மூன்று ஜோடி

ஏப்ரல் 6, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கடல்காற்று பத்து மணிக்குத்தான் வந்தது, எண்ணூர் வாசனையையும் கூட்டிக்கொண்டு.

அறிவியல் முகாம் விண்ணப்பம். தேர்வு சனிக்கிழமை, வீட்டிலிருந்தே, கணினியில். தேறினால் ஐந்து நாள் முகாம், அதில் ஒரு நாள் ஆராய்ச்சிக் கப்பலில். தினமும் மொட்டை மாடியிலிருந்து கப்பல் பார்க்கிறேன். ஒன்றில்கூட ஏறியதில்லை. தேற வேண்டும்.

பதினேழாவது கட்டத்தில் சிக்கல்: கணினியின் வலை இணைப்பிக்கு உள்ள வன்பொருள் முகவரி (இனி வ.மு.). பதிந்த இணைப்பியில் மட்டும்தான் தேர்வு திறக்குமாம். பிறகு மாற்ற முடியாது என்று சிவப்பில். கணினி டீச்சர் வழி சொன்னார். குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்
எங்கள் லேப்டாப்பின் வைஃபையை உப்புக்காற்று தின்று இரண்டு வருடம். மூன்றாம் மாடியில் மூன்று வீட்டுக்கும் சேர்த்து, வைஃபைக்காகக் கணினியில் செருகும் குட்டி இணைப்பி, டாங்கிள், ஒன்றே ஒன்று. தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பதுபோல, யாரிடம் டாங்கிள் இருக்கிறதோ அவர்கள் கதவில் நம் துணிக் கிளிப்பை மாட்ட வேண்டும். கிளிப் இல்லையேல் டாங்கிள் இல்லை.

இன்று எதிர்வீட்டு ரோசி அக்காவிடம் இருந்தது. தையல்காரர். ரவிக்கை டிசைன் வீடியோவும் சமையலும் ஒரே நேரத்தில். கிளிப் மாட்டினேன். மாலை கிடைத்தது.

கணினியில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்து டீச்சர் சொன்னதைத் தட்டினேன். முதல் முறை தவறு, இடைவெளி விட்டுப்போனது. அம்மா எட்டிப் பார்த்தாள்.
"இன்னாடி கறுப்பா கீது? கெடுத்துட்டியா?"
"டாங்கிளோட நம்பர் தேடறேம்மா."
"அதுக்கு இன்னாத்துக்கு நம்பரு, அது இன்னா ஆட்டோவா?"

மூன்று முகவரிகள் வந்தன. கேபிளுக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. எது? டாங்கிளைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது காணவில்லை. செருகினேன், வந்தது. நிரூபணம். எண்ணும் எழுத்துமாக ஆறு ஜோடி, கடைசி ஜோடி 91. நோட்டில் எழுதி இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன்.

ஏப்ரல் 8, புதன்
டாங்கிள் மறுபடி ரோ. அக்காவிடம்.
படித்தது: வ.மு.வின் முதல் மூன்று ஜோடி தயாரித்த கம்பெனிக்கு. கடைசி மூன்று அந்த ஒரு பொருளுக்கு மட்டும். இனிஷியலும் பெயரும் மாதிரி. குழம்புக்கை பட்ட ஒரு குட்டி டாங்கிளுக்கு இவ்வளவு மரியாதை.
வாங்க வேண்டியவை: கறுப்புப் பேனா, கொசுவர்த்தி.

ஏப்ரல் 10, வெள்ளி
நேற்று எழுதவில்லை, அமிலம் காரம் படித்தேன்.

ரோ. அக்காவிடமிருந்து டாங்கிளை வாங்கி வந்து, நான்கு மணிக்கு மாதிரித் தேர்வு. "இணைப்பி பதிவுடன் பொருந்தவில்லை." ஐந்து முறை. கறுப்பு ஜன்னலில் பார்த்தேன். முதல் மூன்று ஜோடி அதே. கடைசி 38.

உதவி எண்ணில் ஒரு சார்: "வன்பொருள் முகவரி மாறாதும்மா. நீங்க தப்பா எழுதியிருப்பீங்க." நான் தப்பாக எழுதுவதில்லை. அப்படியானால் டாங்கிள் வேறு. உற்றுப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. மூன்று குடும்பம் தொடும் பொருள் இவ்வளவு சுத்தமாக இருக்காது.

"அக்கா, இது நம்ம டாங்கிள் இல்ல."
"இன்னாமே சொல்ற? கறுப்பு, குட்டியூண்டு. அதேதான்."
"நம்பர் வேற."
தையல் மெஷின் நின்றது.
"அது உள்ள போயி எவ பாக்கப் போறான்னு நெனச்சேன்," என்றார் அக்கா.

நேற்று மதியம் சங்கரா மீன் குழம்பில் விழுந்துவிட்டதாம். "உங்கம்மாக்குத் தெரிஞ்சா திருவொற்றியூர் ஸ்டேஷன் வரிக்கும் கேக்கும். அத்தான் அதே மாடலு வாங்கியாந்து வெச்சிட்டேன்."
"பழசு?"
"அரிசி டப்பால. ஈரத்த இழுக்கும்னாங்கோ."

இருவரும் முழங்கை வரை அரிசியில். அக்காதான் கண்டெடுத்தார். டாங்கிளின் செருகும் முனையில் ஒரு அரிசி மணி சிக்கியிருந்தது. ஊக்கால் எடுத்தோம். செருகினால் விளக்கு எரியவில்லை. நாளைக் காலை பத்துக்குத் தேர்வு. அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

அக்கா லைனிங் துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, டாங்கிளைச் சுற்றி, பச்சைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டார். துணி ஆறினால் மறுபடி சூடு. அதற்குள் அம்மாவுக்குத் தெரிந்து, ஸ்டேஷன் வரை கேட்டது. அக்கா துணியை மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஆறேகாலுக்கு நீல விளக்கு. கடைசி ஜோடி 91. மாதிரித் தேர்வு திறந்தது. இனி பிடுங்கப்போவதில்லை.

ஏப்ரல் 11, சனி
மேகமூட்டம். தேர்வு முடிந்தது.

கேமரா ஓடும், பேசக் கூடாது, தலை திருப்பக் கூடாது. டாங்கிள் சூடானதும் குழம்பு வாசனை எழும்பியது. பூனை வந்தது. வாசலில் காவல் நின்ற அக்கா சத்தமில்லாமல் முறத்தால் விரட்டினார். முப்பத்தொன்றாவது கேள்வியில் விளக்கு அணைந்தது. கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தினேன். எரிந்தது. விட்டால் அணைந்தது. மீதிப் பத்தொன்பது கேள்விக்கும் வலது கையில் விடை, இடது கட்டைவிரலில் டாங்கிள்.

"விடைகள் பதிவாகிவிட்டன" என்று வந்த பிறகுதான் விரலை எடுத்தேன்.

அக்கா உள்ளே வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அந்தக் கேமரால அவங்கோளுக்கு வாசன கீசன போயிருக்காதுல்ல?"

போகாது என்றேன். விரலை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவியாயிற்று. இன்னும் மணக்கிறது.