ஸ்டெல்லாவின் தலையில் பேன்

14.9.84, வெள்ளி. திண்டிவனம்.

ஸ்டெல்லாவை நினைத்தாலே வயிறு எரிகிறது.

மாதர் சங்கத்தை ஆரம்பித்தது நான். எல்லாச் சாதிப் பெண்களும் வந்து உட்கார ஓர் இடம் வேண்டுமென்று வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, கடலை மூட்டைகளை ஒதுக்கவைத்து, அவருடைய மல்லாட்டை மண்டியின் முன்னறையை வாங்கியதும் நான்தான். காலனிப் பெண்களை ஒரு வருஷமாக "உள்ளே வாங்க, உள்ளே வாங்க" என்று கூப்பிடுகிறேன். வந்தாலும் சுவரோரம் ஒடுங்கித்தான் உட்காருவார்கள்.

இந்த ஸ்டெல்லா, கிளியனூரிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ், போன வாரம்தான் சேர்ந்தாள். இன்று வந்ததும் பாயில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டாள். காலனி அஞ்சலையைத் திரும்பிப் பார்த்து, "யக்கா, தலை ஒரே பேஜாரா அரிக்குது. கொஞ்சம் பேன் பாருங்க" என்றாள்.

அஞ்சலை முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவள் பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அஞ்சலையின் தலையைக் கைருன்னிசா பார்க்கிறாள், அவள் தலையை இன்னொருத்தி. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசை நீண்டது. அந்த அறையில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதேயில்லை. நான் மட்டும் நாற்காலியில், கொண்டையோடு.

"ஏம்மா பாத்துக்கினே இருக்கீங்க? நீங்களும் வாங்க" என்றாள் அஞ்சலை.

"எனக்கெல்லாம் பேன் கெடையாது" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

நான் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று, வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியை விரித்து, பேன்சீப்பால் அழுத்தி அழுத்தி வாரினேன். ஒன்றுகூட விழவில்லை.